கிணற்றுக்குத் திரும்பிய தண்ணீர்

போன மாதம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் செய்யச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. பொன்னாடை போர்த்தினார்கள். முன்னோடி என்றார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தக் காலத்துல நீங்க என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். "சலவை சோடா, அம்மணி" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நன்றியுரை சொல்ல ஒருவர் மைக்கை வாங்கிவிட்டார். அதனால் இங்கே விளக்குகிறேன். இங்கே யாரும் மைக்கைப் பிடுங்க மாட்டார்கள்.

நான் தையற்காரர் வீட்டுப் பிள்ளை. கோயமுத்தூர்க் கொட்டகைகளுக்குக் கண்ணாடி ஸ்லைடு எழுதித்தான் வேலைக்கு வந்தேன். 'நல்வரவு', 'இடைவேளை', 'விசில் அடிக்க வேண்டாம்'. மூன்றாவது ஸ்லைடு திரையில் விழுந்த பிறகுதான் விசில் கிளம்பும். என் கலைக்கு முதலில் கிடைத்த வரவேற்பு அதுதான். எழுத்து ஒழுங்காக இருக்கிறதென்று பார்த்து, ஒரு ஸ்டுடியோவில் டைட்டில் எழுத என்னை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அப்போது படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் உள்ளே நுழைந்த நேரம், படக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மதராசுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. என் ராசி அப்படி. நான் போய்ச் சேரும் இடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருப்பார்கள்.

கடைசியில் அந்த ஸ்டுடியோவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது பின்பக்கத்துத் தகர ஷெட் மட்டும்தான். அதற்குள் தலைகீழாகத் தரையைப் பார்த்தபடி ஒரு காமிரா. அதைத் தாங்கும் சட்டத்தை மில் தச்சர் ஒருவர் தேக்கில் செய்திருந்தார். தாள்கள் நகராமலிருக்க இரண்டு பித்தளைக் குச்சிகள். ஆட்கள் நாங்கள் நாலு பேர். படம் வரைய நான். வண்ணம் தீட்ட சரோஜா. கணவர் நோயில் படுத்திருந்தார், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. விளக்கு, கழுவுதல், கொதிக்க வைத்தல் எல்லாவற்றுக்கும் கரீம் பாய். எங்களுக்கு மேலே காமிராக்காரர் வெங்கிடு சார்.

வெங்கிடு சாருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கொங்குத் தமிழ், கோபம் வந்தால் அளவுக்கு மீறிய மரியாதை. சாதாரண நாளில் "பழனிச்சாமி, இங்க வா" என்பார். வரைந்தது சரியில்லை என்றால், "ஏனுங்க பழனிச்சாமி, சித்த இப்படி வாரீங்களா?" என்பார். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

"இந்த ஆளு நடக்கறாருங்களா, இல்ல பின்னால இருந்து யாராச்சும் தள்ளறாங்களுங்களா?"

"நடக்கறாருங்க சார்."

"அப்படீங்களா? அப்ப நீங்க ஒருக்கா அதே மாதிரி நடந்து காட்டுங்கோ. நானும் பாத்துக் கத்துக்கறேன்."

நடந்து காட்டியே ஆக வேண்டும். ஷெட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, நான் வரைந்து வைத்த கோணல் நடையை நானே நடப்பேன். சரோஜா தூரிகைக் காம்பைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். நாலு தடவை குறுக்கே போய் வந்தால் எந்தத் தாளில் தப்பு என்று முழங்காலுக்கே தெரிந்துவிடும். அடித்துத் திருத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு சீக்கிரம் கற்றிருக்க மாட்டேன்.

அவருடைய இன்னொரு சட்டம், கட்டு. ஒரு நொடிப் படத்துக்கு டஜன் கணக்கில் தாள் வேண்டும். காமிரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஊடே தெரிகிற இரண்டு மூன்று தாள் வரும்: ஒன்றில் ஆள், ஒன்றில் புகையோ தண்ணீரோ, இப்படி. ஒரு படத்துக்கு உரிய தாள்களைச் சேர்த்து நூலால் கட்டி வைக்க வேண்டும். காமிராவுக்கு அடியில் வைக்கும் வரைக்கும் அந்தக் கட்டை யாரும் பிரிக்கக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு பக்திப் படத்தின் டைட்டிலுக்கு நாங்கள் ஒரு சக்கரம் செய்தோம். தாள் மாறிப்போய், அந்தச் சக்கரம் அசுரன் தலையை விட்டுவிட்டு டைரக்டரின் பெயரைச் சீவிவிட்டது. அன்றிலிருந்து, "கட்டைப் பிரிக்கறது குடும்பத்தைப் பிரிக்கற மாதிரிங்க" என்பார் வெங்கிடு சார். நாங்களும் பிரித்ததில்லை.

ஊருக்கெல்லாம் படம் பிடித்த மனிதருக்குத் தனக்கென்று ஒரு படம் இல்லை. அந்த ஏக்கத்தை அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்களுக்கு ஒரு மாட்டுக் கதை சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார். நாங்களும் புதிதாகக் கேட்பது போலக் கேட்போம்.

ஒரு நாள் முதலாளி காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். பெருந்துறைப் பக்கம் தோட்டம், ஊருக்குள் நூல் மில், இரண்டுக்கும் நடுவில் ஆசைக்கு வாங்கிப்போட்ட எங்கள் ஸ்டுடியோ. ஷெட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"வெங்கிடு, மில்லுல பஞ்சுப் பொதி அடுக்க எடமில்லீங்க. பொங்கல் கழிஞ்சா இந்த ஷெட்டு வேணுமுங்க."

"சரீங்க."

"உங்குளுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்களே?"

"இல்லீங்க."

"என்னமோ கார்ட்டூனு கார்ட்டூனுங்கறீங்களே, அதுல முழுசா ஒண்ணு செஞ்சு காட்டுங்கோ. பொழைக்கற வழியா இருந்தா ஷெட்டு உங்குளுக்கே இருக்கட்டும். ஆகாட்டி பொதிக்கு."

"செஞ்சுபோடலாமுங்க."

"அப்ப போயிட்டு வாரேனுங்க."

இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு பிரிந்தார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

ஷெட் போனால் எனக்கு மதுக்கரைதான். மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை பார்த்த என் மாமா, மூட்டை கட்டும் பிரிவில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். மாமாவுக்கு இளம் வயசிலேயே புருவம் வெள்ளை. குளித்தால் கருப்பாகும், மறுநாள் திரும்ப வெள்ளையாகும். அந்தப் புருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படம் வரையும் ஆர்வம் பொங்கி வரும்.

என்ன படம் என்று வெங்கிடு சார் எங்களைக் கேட்கவே இல்லை. மாட்டுக் கதைதான். கவலை இறைக்கும் ஒரு ஜோடியில் செவலை என்று ஒரு மாடு. கவலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றை ஒட்டிச் சரிவாக ஒரு தடம் இருக்கும். மாடுகள் சரிவில் முன்னால் இறங்கினால், கயிற்றில் கட்டிய பறி என்கிற பெரிய சால் தண்ணீரோடு மேலே வரும், வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் திரும்பாமல், அப்படியே பின்னால் நடந்து மேடேற வேண்டும். காலிப் பறி கிணற்றுக்குள் போகும். நாள் பூராவும் முன்னால், பின்னால். ஒரு நாள் செவலை நடுவழியில் நின்று நம்மைப் பார்க்கிறது. 'இனிமேல் பின்னால் நடக்க மாட்டேன்' என்று முடிவு செய்து, கயிற்றை உதறிவிட்டுக் கோயமுத்தூருக்கு நடக்கிறது. மில்லில் வேலை கிடைக்கிறது. அங்கே நூல் வண்டியை முன்னால் தள்ள வேண்டும். காலி வண்டியோடு பின்னாலேயே வர வேண்டும். சங்கு ஊதினால் சோறு. கடைசியில் செவலை வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறது. பழக்க தோஷம், பின்னாலேயே நடந்து போகிறது. நம்மைப் பார்த்தபடியே போய்ப் போய்ச் சின்னப் புள்ளியாகிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. சங்கு, சோறு, பின்னால் நடப்பது, இதில் முதலாளி எதைத் தன் மில் என்று கண்டுகொள்வார் என்று எங்களுக்குக் கவலையாக இருந்தது. அவர் எதையுமே கண்டுகொள்ளப் போவதில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

வரைவதற்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான செல்லுலாய்டு தாள் பம்பாயிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு வெங்கிடு சார் டெலிபோனை இரண்டு கையாலும் மரியாதையாக வைத்தார். கரீம் பாய்தான் வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிகளில் கழித்துப்போடும் பழைய எக்ஸ்ரே படங்கள்! கொதிக்கிற தண்ணீரில் சலவை சோடாவைப் போட்டு, எக்ஸ்ரேயை முக்கி எடுத்துத் தேய்த்தால் மேலே இருக்கிற கருப்பு வழண்டு வந்துவிடும். லேசான நீலத்தோடு தெளிவான தாள் கிடைக்கும். இதுதான் அந்த மாணவி கேட்ட சாஃப்ட்வேர். கொதிக்க வைக்க, கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் தன் தம்பியின் தேக்சாவைக் கொண்டுவந்தார் பாய். அதன்பிறகு அதில் பிரியாணி செய்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. பாய் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும், வயிறு சரியில்லை என்று சொல்லித் தயிர்ச் சோறு சாப்பிட்டேன்.

சில தாள்களில் கருப்பு எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. வெளிச்சத்தில் பிடித்தால் யாருடையதோ விலா எலும்பு மங்கலாகத் தெரியும். "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே அதன் மேல் மாட்டுக்கு வண்ணம் தீட்டுவாள் சரோஜா.

மாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க வெங்கிடு சார் எங்களைச் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். டவுன்காரர்களான எங்களில் யாரும் அதுவரை கவலையை நின்று பார்த்ததில்லை. போகிற வழியிலேயே உத்தரவு வந்துவிட்டது.

"காலை மட்டும் பாருங்கோ. தலையப் பாக்க வேண்டாம், வாலைப் பாக்க வேண்டாம், தோட்டத்துக்காரரு எளநீ குடுத்தா அதையும் பாக்க வேண்டாம். எந்தக் கால் எப்பத் தூக்குது, எப்ப ஊணுது, அதான் நமக்கு வேணும்."

பார்த்தோம். காலையிலிருந்து வெயில் சாயும் வரை கிணற்று மேட்டில் குந்தியபடி நாலு பேரும் மாட்டுக் காலைப் பார்த்தோம். முன்னால் இறங்கும்போது குளம்பு எப்படி மண்ணைக் கவ்வுகிறது, பின்னால் வரும்போது எப்படித் தடவித் தடவி வைக்கிறது என்று வெங்கிடு சார் தரையில் கையை ஊன்றி எங்களுக்குச் செய்தே காட்டினார். தோட்டத்து ஆட்கள் கும்பலாக நின்று அவரைப் பார்த்தார்கள். இரண்டு மாடும் பார்த்தன. அன்றைக்கு அங்கே தண்ணீரைப் பார்க்காதவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

பிறகு வேலை. விளக்கு வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கினால் திரையில் சூரியன் கண் சிமிட்டும். கோயமுத்தூரில் மில்களெல்லாம் ஓடும்போது எங்கள் பல்புகள் சோர்ந்துவிடும். ஆகவே மில் விடுமுறை நாளில்தான் மும்முரமாகப் படம் பிடிப்போம். மற்ற நாட்களில் ஷிப்டு மாறுகிற சங்கு கேட்டதும் வெங்கிடு சார் கையைத் தூக்குவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்பையே பார்ப்போம். அது தெளிந்த பிறகு அடுத்த கட்டு. பிலிம், மற்ற கம்பெனிகள் விட்டுப்போன துண்டுத் துணுக்குகள். எடுத்ததை அவ்வப்போது பிரதி போட்டுத் திரையில் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. நெகடிவில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

மார்கழி பிறந்ததும் பயம் வந்துவிட்டது. செவலை முன்னால் நடந்தாகிவிட்டது. பின்னால் நடப்பதைத் தனியாக வரையத் தாளும் இல்லை, நாளும் இல்லை. வெங்கிடு சார் ரொம்ப யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் நாலு காலாக நின்று, ஷெட் முழுக்கப் பின்னால் நடந்து பார்த்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது.

முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க வெங்கிடு, வேலை நடக்குதுங்களா?"

"நடக்குதுங்க மொதலாளி" என்றார் வெங்கிடு சார், எழுந்திருக்காமலே.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கார் திரும்பிப் போய்விட்டது.

வெங்கிடு சார் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "பழனிச்சாமி, முன்னால போறப்ப வெச்ச காலைக் கடைசியில இருந்து திருப்பி வெச்சாப் பின்னால போற நடை வந்துருது. அதே கட்டுகளைக் கீழிருந்து மேலா எடுத்துடலாம். ஒரு தாள் புதுசா வேண்டாம்!"

அடேயப்பா, எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! கட்டைப் பிரிக்காமல், ஒன்றுகூட மாறாமல், கடைசியிலிருந்து முதல் வரைக்கும் வரிசையாக வைத்துக் காமிராவைத் தட்டினோம். ஒவ்வொரு கட்டிலும் மாடு இருந்தது, பறி இருந்தது, தண்ணீர் இருந்தது. காலை மட்டும் சரிபார்த்துக்கொண்டே போனோம். கால் பிசகவே இல்லை.

பொங்கல் கழிந்த கையோடு, ஒரே ஒரு பிரதி போட்டு, ஸ்டுடியோவின் சின்னக் கொட்டகையில் படத்தைப் போட்டுக் காட்டினோம். நாங்களே அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம். முதலாளி வீட்டில் அப்போது ஒரு நிச்சயதார்த்தம். வந்திருந்த உறவுக்காரக் கவுண்டர்களையெல்லாம் சாப்பாடானதும் அப்படியே அழைத்து வந்துவிட்டார். வெற்றிலை மணக்க மணக்கக் கொட்டகை நிறைந்தது. முதலாளியின் மைத்துனர் முன்வரிசையில் உட்கார்ந்தார். கிணற்றுக்குப் போடுகிற மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி அவருடையது. நான் வெங்கிடு சாருக்குப் பக்கத்தில். விளக்கு அணைந்தது.

கவலைக் கயிறு ஓடும் சகடை கிரீச்சென்றது. மாட்டு மணி ஒலித்தது. செவலையும் ஜோடியும் சரிவில் இறங்கின. பறி மேலே வந்தது. தண்ணீர் வாய்க்காலில் கொட்டி ஓடியது. "அட, நம்ம தோட்டமாட்டவே இருக்குதுங்க" என்றது ஒரு குரல். வெங்கிடு சார் என் தொடையைத் தட்டினார்.

மாடுகள் பின்னால் நடக்க ஆரம்பித்தன. கால் அற்புதம். அதே சமயம் வாய்க்காலில் ஓடிய தண்ணீர் நின்றது, திரும்பியது, எழும்பித் தாவிப் பறிக்குள் ஏறிக்கொண்டது. நிறைந்த பறி பத்திரமாகக் கிணற்றுக்குள் இறங்கியது.

அடுத்த இறைப்பு. தண்ணீர் வந்தது, தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்கே போனது. "ஏனுங்கோ, இது என்ற தோட்டத்துக் கெணறுங்கோ! நானும் வருசம் பூரா எறைக்கறேன், தண்ணி எங்க போவுதுன்னு இப்பத்தானுங்க தெரியுது!" என்று ஒருவர் கத்தினார். கொட்டகை இடிந்து விழுந்தது போல ஒரு சிரிப்பு. அதன்பிறகு யாரும் படம் பார்க்கவில்லை. செவலை நின்று நம்மைப் பார்த்தபோது சிரித்தார்கள். மில்லுக்குப் போனபோது பேசிக்கொண்டிருந்தார்கள். அது பின்னாலேயே நடந்து புள்ளியானபோது, பாதிப்பேர் எழுந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள்.

வெங்கிடு சார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"கால் சரியாத்தான இருக்குது, பழனிச்சாமி?"

"சரியா இருக்குதுங்க சார்" என்றேன்.

விளக்கைப் போட்டதும் மோட்டார் கம்பெனிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வெங்கிடு சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு மூளை எனக்கு வரலீங்களே! தண்ணி திரும்பிப் போறது, மாடு நின்னு ஏக்கமாப் பாக்கறது, அதோட நிறுத்திப்போடுங்க. உடனே என்ற மோட்டாரைக் காட்டுங்கோ. 'மாடாய் உழைத்தது போதும்'னு கீழ ஒரு வரி. கோடைக்கு முன்னால ஊரு ஊருக்குக் கொட்டகையில ஓடணும். இது புடிச்சுப்போச்சுன்னா அடுத்தடுத்து உங்குளுக்கே வேலை தாரேனுங்க."

"அப்ப ஷெட்டு உங்குளுக்குத்தானுங்க வெங்கிடு" என்றார் முதலாளி, தாம்பூலத் தட்டை நீட்டியபடி.

விஷயம் என்னவென்றால், அந்தத் துண்டு வேண்டுமானால் நெகடிவை வெட்ட வேண்டும். இருந்தது ஒரே நெகடிவ். அதற்கு நகல் எடுக்க மதராசுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவுக்கும் ஆளில்லை, அவசரத்துக்கும் தோதில்லை. இருந்த ஒரே பிரதியைச் சாம்பிளுக்கு என்று கம்பெனிக்காரர் அங்கேயே வாங்கிக் காரில் வைத்துவிட்டார். அது திரும்பி வரவே இல்லை. படம் முழுசாக இருந்தால் பஞ்சுப் பொதி. வெட்டினால் எங்கள் நாலு பேருக்கும் சோறு. வெங்கிடு சார் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "உங்க இஷ்டமுங்க சார்" என்று நாங்களும் மரியாதையாக அவர் தலையில் போட்டிருப்போம்.

மறுநாள் காலை கத்தரிக்கோலை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, செவலை நம்மைப் பார்க்கிற இடத்துக்கு அடுத்து வெட்டினார். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு வருத்தமும் இருந்தது, சிமென்டிலிருந்து தப்பித்த சந்தோஷமும் இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும், சந்தோஷம்தான் அதிகம். வெட்டியது போக மிஞ்சிய நெகடிவ் டப்பாவுக்குள்ளேயே இருந்து, அந்தக் கோடையில் தகரக் கூரையின் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது.

விளம்பரம் எங்கே பார்த்தாலும் ஓடியது. டூரிங் கொட்டகைகளில் மெயின் படத்துக்கு விசில் இருக்கிறதோ இல்லையோ, திரும்பிப் போகும் தண்ணீருக்கு உண்டு. 'விசில் அடிக்க வேண்டாம்' ஸ்லைடை எழுதிய கைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன்பிறகு மோட்டார், மோட்டார், மோட்டார். மாலை போட்ட மோட்டார், மீசை வைத்த மோட்டார், கிணற்றோடு பேசும் மோட்டார். தாள் போதவில்லை, ஆஸ்பத்திரிகளும் முன்னைப்போல எக்ஸ்ரேயைச் சும்மா கொடுப்பதில்லை. ஒரு விளம்பரம் முடிந்ததும் அதன் தாள்களைத் தேக்சாவில் போட்டுக் கழுவி, அடுத்ததை அதிலேயே வரைவோம். செவலையின் தாள்கள் மட்டும் ஒரு தகரப் பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தாள் பஞ்சம் வரும்போதெல்லாம் கரீம் பாயின் கண் அந்தப் பெட்டிமேல் போகும்.

"அது வேண்டாமுங்க பாய்" என்பார் வெங்கிடு சார். அதில் இருக்கும் 'ங்க'வைக் கேட்டு பாய் அப்பால் போய்விடுவார்.

ஒரு நாள் காலையில், தோளில் துண்டும் கக்கத்தில் குடையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். சென்னிமலைப் பக்கத்து விவசாயி. கொட்டகைக்காரரிடம் விலாசம் கேட்டு, மோட்டார்ப் படம் செய்கிற இடத்தைத் தேடி பஸ் ஏறி வந்திருந்தார்.

"மோட்டாரு விக்கற கம்பெனி அடுத்த ரோட்டுல இருக்குதுங்க" என்றேன்.

"அங்கதானுங்க போகணும். அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அந்த மாடு நின்னு எங்களைப் பாக்குதுங்களே... அது பொறவு என்னாச்சுங்க?"

நான் வெங்கிடு சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லீங்க, என்ற ஊட்டுல கவலை மாடு ரெண்டு உருப்படி நிக்குதுங்க. மோட்டாரு போட்டுப்போட்டா அதுகளை என்ன பண்றதுன்னு ரோசனையா இருக்குது. படத்துல அதைக் காட்டாமயே முடிச்சுப்போட்டாங்க."

வெங்கிடு சார் காமிராவை விட்டு எழுந்து வந்தார். தன் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வைத்தார். தகரப் பெட்டியைத் திறந்தார். ஒரு கட்டை எடுத்து, நூலைத் தானே அவிழ்த்தார். காமிராவுக்கும் தேக்சாவுக்கும் அல்லாமல் ஒரு கட்டுப் பிரிவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தடுத்த கட்டுகளையும் அவிழ்த்து, ஒவ்வொரு தாளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டே கதையைச் சொன்னார். மாடு நடக்க வேண்டிய இடத்தில் மேசைமேல் விரல்களை நடத்திக் காட்டினார். சகடைக்கும் மணிக்கும் வாயாலேயே சத்தம் கொடுத்தார். எங்களுக்கு வாராவாரம் சொன்ன அதே கதைதான். விவசாயி ஒரு தாளையும் அவசரமாகத் தள்ளவில்லை. மில் கட்டம் வந்ததும் ஒன்றைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். அது எலும்பு தெரிகிற தாள்.

"பாவமுங்க, விலா தெரியுது. எளைச்சுப்போச்சு."

"மில்லு வேலைங்க. எளைக்கத்தான் செய்யும்" என்றார் வெங்கிடு சார்.

கடைசித் தாளில் செவலை ஒரு புள்ளி. விவசாயி அதைக் கீழே வைக்காமல் கேட்டார். "ஊடு போய்ச் சேந்துதுங்களா?"

"சேந்துருச்சுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து நின்று, பணிவாக, "அப்ப மோட்டாரு வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்றார்.

வெங்கிடு சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சரோஜா, பாய், நான், மேசைமேல் பாதி காயாத மோட்டார்.

"வாங்கிப்போடுங்க. நாங்களும் பொழைக்கோணுமுங்களே."

"அதுவும் சரிதானுங்க" என்று கும்பிட்டுவிட்டு அவர் அடுத்த ரோட்டுக்குப் போனார்.

வெங்கிடு சார் தாள்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கினார். பிறகு பெட்டியைக் காலால் கரீம் பாய் பக்கம் நகர்த்தினார். "கழுவிரு பாய். பாக்க வேண்டிய ஆளு பாத்தாச்சு."

"சார், வேண்டாமுங்க சார்" என்றாள் சரோஜா. அவர் கேட்காதது போல விளக்கைச் சரிசெய்யப் போனார். சாயங்காலத்துக்குள் தேக்சாவில் செவலையின் சிவப்பெல்லாம் கரைந்து, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் ஓடியது. எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கமே ஓடியது.

அந்தத் தாள்களில் அடுத்த விளம்பரத்தை வரைந்தோம். போட்டுக் காட்டியபோது மோட்டார் கம்பெனிக்காரர் முகத்தைச் சுளித்தார். "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அங்கங்க என்ற மோட்டாருக்குள்ள எலும்பாட்ட என்னமோ கோடு கோடாத் தெரியுதுங்களே, அது என்னதுங்க?"

"அது எங்க மாட்டோடதுங்க" என்றார் வெங்கிடு சார். "எவ்வளவு கழுவுனாலும் போக மாட்டேங்குதுங்க. இருந்துட்டுப் போகட்டுமுங்க."